ஊதிக் காட்டு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் ஏலக்காயை வாயில் போட மாட்டார்கள். வீட்டில், கடையில், கட்டியிருக்கிற வேட்டியில், படுக்கிற தலையணையில் எல்லாம் அந்த வாசமே அடிக்கும்போது அதை மென்று வேறு பார்க்க வேண்டுமா? என் வீட்டுக்காரர் டீயில் ஒரு ஏலக்காய் விழுந்திருந்தால் டம்ளரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், எங்கள் ஜீப்பு டிரைவர் சாவியைக் கொடுக்க வந்தபோது அவன் வாயிலிருந்து ஏலக்காய் வாசம் வந்ததும் இவருடைய முகம் மாறிவிட்டது.

அவன் போன பிறகு நேராக அடுப்படிக்கு வந்தார்.

"குடிக்கிறான்" என்றார்.

"யாரு?"

"நம்ம டிரைவருதான். வாயில ஏலக்கா மணக்குது. விடிஞ்சா அடைஞ்சா ஏலக்காயிலயே பொரள்றவன் எதுக்கு அதை மெல்லணும்? உள்ள இருக்க வாடைய மறைக்கத்தான்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உடனே தோன்றியது வேறு. ஏலக்காய் மென்றால் குடித்த வாடை மறையும் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். "ஊர்ல சொல்றாங்கல்ல" என்றார். அந்த ஊர்க்காரர் யார் என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று மனதில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் சந்தேகம் என்பது குணம் இல்லை, தொழில். கடைக்கு வருகிற ஒவ்வொரு மூட்டையையும் இவர் அள்ளி, கசக்கி, முகர்ந்து பார்ப்பார். ஈரத்துணியில் தேய்த்து, பச்சைச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். மேலே நல்ல காயைப் போட்டு அடியில் சொத்தையைத் திணித்திருக்கிறார்களா என்று முழங்கை வரை கையை விடுவார். அப்படிப்பட்டவருடன் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தால் எனக்கு மட்டும் வேறு புத்தி எப்படி வரும்? பால்காரர் தண்ணீர் ஊற்றவில்லை என்று சத்தியம் செய்தால்தான் எனக்கு முதல் சந்தேகமே வரும்.

எங்கள் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பெரிய எஸ்டேட் ஒன்றும் இல்லை. காய் எடுக்கிற காலத்தில் போடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் விடியற்காலையில் எங்கள் ஜீப்பில் ஏறிப் போவார்கள், பொழுது சாய இறங்கி வருவார்கள். அந்த மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஒரு வளைவில் கை தடுமாறினாலும் கீழ் வளைவில் போய்த்தான் விழ வேண்டும். குடித்தவன் கையில் சாவி இருக்கக்கூடாது என்று இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே மாதிரி இன்னொன்றையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடித்துவிட்டு மலையில் வண்டி ஓட்டினான் என்று ஒருவனுக்குப் பேர் விழுந்துவிட்டால், ஜீப்பு ஸ்டாண்டில் யாரும் அவனை நம்பி ஒரு லோடு ஏற்ற மாட்டார்கள். எங்கள் டிரைவருக்கு வேறு தொழில் தெரியாது. நாற்பது வயசு, படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள், வாடகை வீடு. அவனிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து வாசலில் புது வழக்கம் ஒன்று ஆரம்பமானது. அவன் சாவியை நீட்டுவான். இவர் வாங்க மாட்டார். "ஊதிக் காட்டு" என்பார். இவர் குள்ளம், அவன் நல்ல உயரம். முழங்காலை மடக்கிக் குனிந்து இவர் முகத்துக்கு நேராக ஊதுவான். இவர் கண்ணை மூடிக்கொண்டு, மூட்டையை முகர்கிற மாதிரி முகர்வார். தினமும் ஏலக்காய்தான் மணக்கும். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்கிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். அவன் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. குற்றம் இல்லாதவன் கேட்டிருக்க வேண்டாமா? அதுதான் எனக்கும் இடித்தது.

நான் ஜீப்பை ஆராய்ந்தேன். பின் சீட்டில் ஒரு புளித்த வாடை, இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி. கூடவே மீன் வாடை. அதுவும் தவிர, முன்பெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்த வண்டி இப்போது விளக்கு வைத்த பிறகு வருகிறது. மேலே போய் வருகிற காய்கறிக்காரம்மா ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"மெட்டுக்கு அந்தப்புறம் ஒரு கள்ளு ஷாப்பு இருக்குல்லக்கா, அங்கதான் உங்க ஜீப்பு தெனமும் நிக்குது" என்றாள். "அதை ஒரு பொம்பளதான் நடத்துறா. நல்லா மீன் கொழம்பு வப்பாளாம்."

பொம்பளை என்றதும் எனக்கு இரண்டாவது சந்தேகம் பிறந்தது. டிரைவருடைய பெண்டாட்டி எனக்குத் தெரிந்தவள். சாதுவான பெண். பாவி மகன், குடியும் கூத்துமாகத் திரிகிறானா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நம் பக்கம் பனையிலிருந்து கள் இறக்கினால் போலீஸ் வரும். மெட்டைத் தாண்டினால் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று எழுதி வைத்து விற்கிறார்கள். ஒரே மலை, ஒரே மழை. கோடு ஒன்று நடுவில் ஓடுவதால் இங்கே குற்றம், அங்கே கடை.

அந்த வார வெள்ளிக்கிழமை இவர் முடிவாகச் சொன்னார். "தேவாரம் ஊர்ல ஒரு டிரைவரப் பேசி வச்சிட்டேன். திங்கக்கிழமை இவன்கிட்ட சாவிய வாங்கிற வேண்டியதுதான். ஏன்னு ஸ்டாண்டுல கேட்டா, உள்ளதச் சொல்லிருவேன்."

"நீங்க பாத்தீகளா அவன் குடிச்சத?"

"மூக்கு பாத்துச்சுல்ல."

"நான் நாளைக்கு மேல போய் என் கண்ணால பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீக."

டிரைவர் மேல் இரக்கப்பட்டு நான் அப்படிச் சொல்லவில்லை. இன்னொருத்தர் மூக்கை நம்பி ஒருத்தனைத் தள்ளிவிட எனக்கு மனசு வராது. தள்ளுவதாக இருந்தால் நானே பார்த்துத் தள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் ஸ்டோரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டோர் என்பது தோட்டத்தில் காயை உலர்த்துகிற கட்டடம். பின்னால் பெண்கள் ஏறினார்கள். வழக்கமாக அந்த ஜீப்பு தெருமுனையில் வரும்போதே அவர்கள் சிரிப்பும் சண்டையும் எங்கள் வீடு வரை கேட்கும். அன்று பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்தாள். அந்தக் கூட்டத்தில் மூத்தவள், வாயாடி என்று பேர் எடுத்தவள், அவள்கூட வெளியே எட்டிப் பார்த்தபடி மலையை இன்றைக்குத்தான் பார்க்கிறவள் மாதிரி வந்தாள். ஆகா, இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, டிரைவருக்காக மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் ஓட்டியதில் குறை சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்து, எதிரே இறங்குகிறவனுக்கு வழி விட்டு, வெகு ஒழுக்கமாக ஓட்டினான். நான் இருக்கிறேன் என்பதற்காகவா, எப்போதும் இப்படித்தானா? அதுவும் தெரியவில்லை.

அன்று முழுக்க மழை. ஏலக்காய் செடியின் தலையில் காய்க்காது, அடியில் தரையை ஒட்டித்தான் காய்க்கும். அதனால் காய் எடுக்கிறவர்கள் பொழுது முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். தலையில் பிளாஸ்டிக் சாக்கை மாட்டிக்கொண்டு, சேற்றில் காலை ஊன்றி, ஒவ்வொரு செடியாகச் சுற்றி வந்தார்கள். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மூத்தவள் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்றாள். எனக்கு அப்போது அதெல்லாம் கவனத்தில் இல்லை. டிரைவர் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான் என்பதிலேயே என் கண் இருந்தது. அவன் ஸ்டோரில் விறகு பிளந்துகொண்டிருந்தான், அதுவும் யாரும் சொல்லாமலே. அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

சாயங்காலம் இறங்கும்போது அந்த ஷாப்பு வந்தது. ரோட்டை ஒட்டி தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஜீப்பு வேகத்தைக் குறைக்காமல் அதைத் தாண்டப் பார்த்தது.

"நிறுத்து" என்றேன்.

"எதுக்குக்கா?"

"நீ தெனமும் எதுக்கு நிறுத்துறியோ அதுக்குத்தான்."

அவன் நிறுத்தினான். "நீங்க உக்காந்திருங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். அவனையும் கூட வரச் சொன்னேன்.

என் வாழ்நாளில் கள்ளுக்கடைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். உள்ளே சண்டையும் அழுக்குமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், நீள பெஞ்சுகளில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து கப்பக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டு ஏதோ ஒரு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லாப் பக்கத்தில் ஒருவர் பானையிலிருந்து குப்பிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். என் வயசு இருக்கும். ஊற்றுகிறவரின் மனைவி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிரைவரிடம் கையை நீட்டினாள். அவன் ஜீப்பு சாவியை அவள் கையில் வைத்தான். அவள் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள்.

எவ்வளவு பழக்கம்! மூக்கு சொன்னது சரிதான் போலிருக்கிறது.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. அவன் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் கட்டன் சாயாவை வைத்தாள். பாலில்லாத வெறும் சாயா. அவன் அதை எடுத்துக் குடித்தான். பிறகு ஒரு தட்டில் கள் ஊற்றிய பத்துப் பன்னிரண்டு டம்ளர்களை வைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போனாள். உள்ளே ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு, தட்டோடு திரும்பி வந்து அவனிடம் கேட்டாள்.

"எந்தா, இன்னு ஆரும் எறங்கலியா? எல்லாருக்கும் எடுத்து வச்சாச்சே."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். வாசல் வழியாக ஜீப்பைப் பார்த்தேன். பிளாஸ்டிக் சாக்கை முகம் வரை இழுத்து விட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அடிப்பாவிகளா, என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அப்ப நீ குடிக்கிறதில்லையா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

ஷாப்புக்காரிதான் சொன்னாள். "இவனோ? ஒரு துள்ளி தொட்டதில்ல சேச்சி. இவிடெ வண்டி நிறுத்துறவர் ஆரானாலும் சாவி ஆணியில. போகும்போ ஊதிக் காட்டினா தான் சாவி தருவேன். குடிச்சவனுக்குச் சாவி இல்ல, அவன் பஸ்சுல போகட்டும். இவனும் தெனம் ஊதித்தான் வாங்கிட்டுப் போறது."

ஆக, மெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு தரம், இந்தப்பக்கம் ஒரு தரம், தினமும் இரண்டு பேரிடம் ஊதியிருக்கிறான் இந்த மனுஷன். கள் விற்கிறவள் வார்த்தையை அப்படியே நம்பிவிடுவேனா நான்? "எங்க, ஊது" என்றேன். குனிந்து ஊதினான். சாயா வாசம்தான் வந்தது. ஏலக்காய்கூட இல்லை.

"ஏலக்கா எங்க?"

"அது ஜீப்புல ஏறின பெறகுக்கா."

நான் போய்ப் பெண்களை இறங்கச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். மூத்தவள்தான் முன்னால் வந்தாள்.

"நாங்கதான் குடிக்கிறோம் ஆத்தா. ஆளுக்கு ஒரு டம்ளர், மிஞ்சிப் போனா ரெண்டு. அவன் ஒண்ணும் தொடல. நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போகுது. வீட்டுக்குப் போனா மறுபடி அடுப்புச் சோலி. இங்க அரைமணி நேரம் காலை நீட்டி உக்காந்தாத்தான் நாளைக்கு ஏறி வர முடியுது."

"அதுக்கு அவன் எதுக்கு ஏலக்காய மெல்றான்?"

"எங்க வாயி மட்டும் மணந்தா வீட்ல கேப்பாக. டிரைவரு வாயும் மணந்தா, தோட்டத்துக்குப் போற எல்லாருக்கும் அந்த வாசந்தான்னு விட்டுருவாக. நாந்தான் அவனையும் மெல்லச் சொன்னேன்." சொல்லிக்கொண்டே மடியிலிருந்து பச்சைக் காய்களை எடுத்துக் காட்டினாள். எங்கள் தோட்டத்துக் காய். நல்ல தடித்த முதல் தரம். அதைத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"அவன் அங்க வாசல்ல நின்னு தெனமும் ஊதுறானே, அது தெரியுமா உங்களுக்கு? எதிர்வீட்டுக்காரவுக எல்லாம் வேடிக்கை பாக்குறாக. திங்கக்கிழமை எங்க வீட்டுக்காரரு சாவிய வாங்கப் போறாரு. குடிகாரன்னு ஸ்டாண்டுல சொல்லப் போறாரு."

அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெண்கள் எங்கள் தெரு முனையிலேயே இறங்கிவிடுவார்கள், வாசலில் நடப்பதை அவன் அவர்களிடம் சொன்னதே இல்லை. மூத்தவள் அவனைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீக" என்றான் டிரைவர். பிறகு என்னிடம் திரும்பினான். "அக்கா, சாவி போனா போகட்டும். தேனிப் பக்கம் போய் ஏதாச்சும் வண்டி பாத்துக்கிறேன். இவுக பேரு மட்டும் வெளிய வர வேணாம். வீட்ல அடிச்சுக் கொன்னுருவாங்க. இவுக வீட்டு ஆம்பளைக எல்லாரும் தெனமும் அரசாங்கக் கடையில குடிச்சிட்டு வர்ற ஆளுகதான். ஆனா இவுக குடிச்சாகன்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டாங்க."

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "நாளையில இருந்து நேரா போயிருவோம்க்கா, இது வேணாம்" என்றாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்களுக்கு அடி. என் வீட்டுக்காரர் வாயில் எதுவும் தங்காது, நாளைக் காலையில் டீக்கடை வரை போய்விடும். சொல்லாவிட்டால் டிரைவருக்குப் பிழைப்பு போச்சு. இப்படி ஒரு முடிச்சில் என்னைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது.

"அந்தக் கள்ள ஒரு டம்ளர் கொண்டா" என்றேன் ஷாப்புக்காரியிடம். இவர்கள் எதைக் குடித்துவிட்டு என் ஜீப்பில் ஏறுகிறார்கள் என்று எனக்கே தெரிய வேண்டும் என்று சொன்னேன். பாதி வீம்பு, பாதி ஆசை.

வெள்ளையாக, மேலே நுரை கட்டி வந்தது. முகர்ந்து பார்த்தேன். "நுரைக்கு என்ன போடுற? சோப்புத் தூளா? மாத்திரையா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சேச்சிக்கு ஏலக்காய் கடையா?"

"ஆமா."

"அதான்" என்றாள். என் கையைப் பிடித்துப் பானை பக்கம் கூட்டிக்கொண்டு போய், "காதை வை" என்றாள். பானையின் வாயில் காதை வைத்தேன். உள்ளே புசுபுசுவென்று ஒரு சத்தம். தீ இல்லை, ஒன்றும் இல்லை, தானாகக் கொதிக்கிறது. அவளுடைய கொழுந்தன் காலையில் கீழ்ச்சரிவில் இருக்கும் கூந்தல்பனை மரங்களில் ஏறி இறக்கி வருவானாம். காலையில் இளநீர் மாதிரி இனிக்கும், மத்தியானம் போதை ஏறும், பொழுது சாய்ந்தால் புளிக்கும். மறுநாள் வைத்தால் கள் இல்லை, வெறும் காடி. அதை மீன் குழம்புக்கு ஊற்றிவிடுவாளாம். மாமனார் காலத்திலிருந்து கணவன் ஊற்ற, இவள் சமைக்க, கொழுந்தன் மரம் ஏற, வேறு ஆளே வைத்ததில்லையாம். "உயிருள்ள சாமான் சேச்சி. அதுல எதையாவது கலந்தா அடுத்த நிமிஷம் செத்துப் போகும்" என்றாள்.

குடித்தேன். முதலில் புளிப்பு, பிறகு ஒரு இனிப்பு, பிறகு மூக்கில் சுருக்கென்று ஏறியது. நன்றாகத்தான் இருந்தது. மழையில் ஊறிப்போன உடம்புக்குள் ஒரு சூடு மெல்லப் பரவியது. பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் குடிங்க, எடுத்து வச்சது வீணாப் போகும்ல" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. நான் இரண்டாவது டம்ளர் கேட்ட பிறகுதான் நம்பினார்கள். மூத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, "நல்லா இருக்கா ஆத்தா?" என்றாள். "ம்" என்றேன்.

புறப்படும்போது ஷாப்புக்காரி டிரைவரை ஊதச் சொல்லிவிட்டுத்தான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

செக்போஸ்ட்டைத் தாண்டினோம். வளைவுகளில் ஜீப்பு இறங்கியபோது பின்னால் காய் மெல்கிற சத்தம் கேட்டது. மூத்தவள் கம்பி வழியாகக் கையை நீட்டி, டிரைவருக்கு ஒரு காய் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டு மென்றேன். இத்தனை வருஷத்தில் ஏலக்காயை மென்று விழுங்கியது அதுதான் முதல் முறை. காரமாக இருந்தது.

தெருமுனையில் பெண்கள் இறங்கினார்கள். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள்.

இவர் வாசலில் காத்திருந்தார். டிரைவர் சாவியை நீட்டினான்.

"ஊதிக் காட்டு."

குனிந்து ஊதினான். இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாத்தியா? இன்னைக்கும் அதே ஏலக்கா. ஷாப்புல நிறுத்தினானா, இல்லையா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். அவன் சாயா குடிச்சான், என் கண்ணு முன்னால." அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"அப்ப ஏலக்கா எப்படி மணக்குது?"

எனக்குள் இருந்த கள்ளா, என் கோபமா தெரியவில்லை. இரண்டு படி ஏறி அவர் முகத்துக்கு நேராக நின்றேன். "என்னையும் ஊதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சொல்வதற்கு முன்னாலேயே நன்றாக ஊதினேன்.

அவருடைய மூக்கு சாதாரண மூக்கு இல்லை. மூடின மூட்டையை வெளியே இருந்து முகர்ந்தே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்கிற மூக்கு. ஏலக்காய்க்கு அடியில் இரண்டு டம்ளர் கள் இருந்ததை அது கண்டுபிடிக்காமலா இருந்திருக்கும்? இவர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து வந்தியா? வாசம் மேலயெல்லாம் ஏறியிருக்கு" என்றார்.

ஜீப்பில் அன்று மூட்டையே இல்லை. அவர் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"அப்ப அவனுக்கும் அதே மூட்டைதாங்க" என்றேன்.

"அட, ஆமா" என்றார். "அதுவும் சரிதான். தேவாரத்துக்காரன வேணாம்னு சொல்லிர்றேன். நீ வழக்கம்போல வந்துருப்பா. இனி ஊத வேண்டாம்."

பிழைப்பு தப்பியது. பெண்கள் பேரும் வெளியே வரவில்லை. தெருமுனையில் நின்றவர்கள் கலைந்து போவது தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. குடித்துவிட்டு வந்து நின்ற எனக்காக இவர் ஒரு நிமிஷத்தில் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். குடிக்காதவனுக்காக இத்தனை நாளில் ஒரு காரணமும் தேடவில்லை. நானும்தான் தேடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் இவர் கடையில் இருந்தார். வாசலில் நான்தான் நின்றேன். டிரைவர் வந்து சாவியை என் கையில் வைத்தான். பிறகு யாரும் கேட்காமலே முழங்காலை மடக்கிக் குனிந்து, என் முகத்துக்கு நேராக ஊதினான்.

"இனிமே வேணாம்ப்பா, அவருதான் சொல்லிட்டாருல்ல" என்றேன்.

"இருக்கட்டும்க்கா, நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சாட்சி சொல்லலாம்ல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் ஊதினான்.